திரிஞ்ச பால் தண்ணியைக் கானில் ஊத்தாதீங்க!



விடியக் காலையில் மாட்டைக் கறந்து, பாலைக் கேனில் ஊற்றி, பிரட்டுக்கு ஓடுவதற்கு முன்னால் பால் எடுக்கும் இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற அவசரம் உங்களில் பலருக்குத் தெரியும். மழை பிடித்து, ரோட்டில் மண் சரிந்தால் பால் வண்டி வராது. அந்திக்குக் கறந்த பால் லயத்திலேயே தங்கிவிடும். அடுத்த நாள் அடுப்பில் வைத்தால் ஒரு கொதி வருவதற்குள் கட்டி கட்டியாக உடையும்.

"ஐயோ, பால் திரிஞ்சு போச்சு! கொண்டுபோய்க் கான்ல ஊத்து."

பெரும்பாலான வீடுகளில் கேட்கிற பேச்சு இது. கட்டியை மட்டும் எடுத்துச் சீனி போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற அம்மாமாரும் உண்டு. ஆனால், அந்த இளம் பச்சையும் மஞ்சளும் கலந்த தண்ணீர்? அது எல்லா வீட்டிலும் கானுக்குத்தான் போகிறது. தயிர்ச் சட்டியில் தேங்கி நிற்கும் தண்ணீருக்கும் இதே கதிதான்.

ஒரு லீற்றர் பாலைத் திரித்தால் முக்கால் லீற்றர் அளவுக்குத் தண்ணீராகத்தான் வரும். அப்படியானால் நாம் கானில் ஊற்றுவது எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது, அதை எப்படிக் குடிக்கிற பானமாக்குவது, எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்பதையெல்லாம் இந்த இதழில் பார்ப்போம். சொல்வதற்குச் சுலபமாக அதைப் 'பால் தெளிவு' என்றே கூப்பிடுவோம்.

சித்தாண்டிக்காரர் படும் பாடு

பால் யாருக்காகவும் காத்திருக்காது. இந்தக் கஷ்டம் நமக்கு மட்டும் உள்ளதல்ல. மட்டக்களப்பு டவுனிலிருந்து வாழைச்சேனைப் பக்கம் போகிற ரோட்டில், செங்கலடிக்கும் கிரானுக்கும் இடையில் சித்தாண்டி என்று ஓர் ஊர் இருக்கிறது. கிழக்குக் கரையோரமாகக் கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகிற அடியார்கள் கும்பிட்டுவிட்டுப் போகும் சித்திர வேலாயுத சுவாமி கோயில் உள்ள ஊர். நம் தோட்டங்களிலிருந்து கதிர்காம யாத்திரை போனவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

அந்தப் பக்கத்தில் வயலும் மாட்டுப் பட்டியும்தான் சனங்களின் வாழ்க்கை. பெரும்போக நெல் வேளாண்மை தொடங்கினால் மாடுகளை வயலுக்குப் பக்கத்தில் வைத்திருக்க முடியாது. மேற்கே தூரத்தில் இருக்கும் மாதவனை, மயிலத்தமடு மேய்ச்சல் தரைகளுக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அங்கிருந்து பாலைச் சந்தைக்குக் கொண்டுவருவது லேசான காரியமல்ல. குளிர்ப்பெட்டி இல்லாத காலத்தில் பாலைக் காப்பாற்ற அவர்கள் கண்ட வழி தயிர். காய்ச்சி, உறை ஊற்றி, மண் சட்டியில் வைத்துவிட்டால் பால் சில நாள் தாங்கும். மட்டக்களப்பு எருமைத் தயிருக்குப் பேர் வந்தது இப்படித்தான்.

மண் சட்டிக்கும் ஒரு காரணம் உண்டு. சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் இருக்கின்றன. தயிரில் இருக்கும் தண்ணீரில் கொஞ்சத்தைச் சட்டி உறிஞ்சிக்கொள்வதால் தயிர் கெட்டியாகிறது. எருமைப் பாலில் கொழுப்பும் அதிகம். பசுப் பாலில் நூற்றுக்கு நாலு அளவு என்றால் எருமைப் பாலில் ஏழு அளவு. அப்படிப்பட்ட கெட்டித் தயிரிலும் ஒரு கரண்டி அள்ளினால், அள்ளின பள்ளத்தில் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் ஊறி நிற்கும். தயிர் கெட்டுப்போனதால் வரும் தண்ணீரல்ல அது. பால் தெளிவுதான்.

சித்தாண்டிப் பண்ணையாளர்களைப் பற்றி இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். தாங்கள் பரம்பரையாக மாடு மேய்த்த மயிலத்தமடு, மாதவனைத் தரைகளை வெளியிலிருந்து வந்தவர்கள் பயிர்ச்செய்கைக்குப் பிடித்துவிட்டார்கள் என்று முறையிட்டு, 2023 செப்டம்பரில் சித்தாண்டி வீதியோரத்தில் அமர்ந்து போராட்டம் தொடங்கினார்கள். மாதக்கணக்கில் அது நீடித்தது. புல்லுக்கு இடமில்லாவிட்டால் பாலுக்கு வழியில்லை. தேயிலைக்கு நடுவிலும் ரோட்டு ஓரத்திலும் புல்லறுத்து, ஒரு மாட்டை வைத்துச் சமாளிக்கிற நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. இத்தனை பாடுபட்டு வருகிற பாலில் ஒரு சொட்டும் வீணாகக் கூடாது.

தெளிவில் என்ன இருக்கிறது?

பால் திரியும்போது இரண்டாகப் பிரிகிறது. பாலில் உள்ள புரதத்தில் பெரும்பகுதியும் கொழுப்பும் கட்டியோடு போய்விடும். மிச்சமெல்லாம் தெளிவில் தங்கும். அதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர்தான். ஆனாலும் வெறும் தண்ணீரல்ல.

முதலாவது, பால் சீனி. பாலில் இயற்கையாக உள்ள இனிப்பில் பெரும்பங்கு தெளிவில்தான் இருக்கிறது. கொழுந்து எடுத்துக் களைத்தவருக்கு இது தெம்பு தரும்.

இரண்டாவது, கல்சியம். எலும்புக்கும் பல்லுக்கும் வேண்டிய சத்து. தேசிக்காய்ப் புளி விட்டுத் திரித்த தெளிவிலும் தயிர்த் தெளிவிலும் இது நன்றாக இருக்கும். புளிப்பு, கட்டியில் இருக்கும் கல்சியத்தைக் கரைத்துத் தண்ணீருக்குள் கொண்டுவந்துவிடுகிறது. ஒரு டம்ளரில் ஏறத்தாழ 150 முதல் 200 மில்லிகிராம் வரை கிடைக்கும்.

மூன்றாவது, விட்டமின் பி2. தெளிவுக்கு அந்தப் பச்சை கலந்த மஞ்சள் நிறத்தைக் கொடுப்பதே இதுதான். இது குறைந்தால் வாய்க் கடையில் புண் வரும், நாக்கு சிவந்து எரியும். வெயில் பட்டால் இந்தச் சத்து அழிந்துவிடும். ஆகவே தெளிவை மூடி, நிழலில் வைக்க வேண்டும்.

நான்காவது, பொட்டாசியம் போன்ற உப்புச் சத்துகள். வேர்வையோடு வெளியேறுவதில் கொஞ்சத்தை இது ஈடு செய்யும்.

புரதம்? கொஞ்சம் உண்டு. ஒரு டம்ளரில் ஒரு கிராம், ஒன்றரைக் கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய கடைகளில் டின்னில் அடைத்து, உடம்பை முறுக்கேற்றும் மா என்று விலை கூட்டி விற்கிறார்களே, அதில் ஒரு வகை இந்தத் தெளிவிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. ஆனால் நிறையத் தெளிவை வற்ற வைத்து, அதிலிருக்கும் புரதத்தைப் பிரித்துச் செய்வது அது. நம் வீட்டு டம்ளரை அதற்குச் சமம் என்று நினைக்கக் கூடாது.

தெளிவைக் குடிப்பது புதுப் பழக்கமும் அல்ல. ஆயுர்வேதத்தின் பழைய நூலான சரக சம்ஹிதையில் தயிர்த் தெளிவுக்கு 'மஸ்து' என்று தனிப் பேரே இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் காய்ஸ் என்ற மலை ஊருக்கு 1749 முதல் பணக்காரர்கள் ஆட்டுப்பால் தெளிவு குடித்து உடம்பைத் தேற்றிக்கொள்ளத் தேடி வந்தார்கள். இந்தியாவில் கர்னாலில் இருக்கும் தேசிய பால் ஆராய்ச்சி நிறுவனத்தில் பழச்சாறு கலந்த தெளிவுப் பானங்களைச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

தெளிவை எடுப்பது எப்படி?

1. வேண்டுமென்றே திரிப்பது: வண்டி வராத நாளில் பால் புளிக்கும் வரை காத்திருக்காதீர்கள். நல்ல பாலாக இருக்கும்போதே ஒரு லீற்றரை நன்றாகப் பொங்கக் காய்ச்சி இறக்குங்கள். இரண்டு தேசிக்காயின் புளியை அதே அளவு தண்ணீரில் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாக விட்டு மெதுவாகக் கிண்டுங்கள். கட்டி ஒரு பக்கமும், தெளிந்த தண்ணீர் ஒரு பக்கமுமாகப் பிரிந்ததும் புளி விடுவதை நிறுத்துங்கள். கொதிநீரில் அலசிய வெள்ளைத் துணியில் வடியுங்கள். கட்டியை வெங்காயம், பச்சை மிளகாய் போட்டுப் பிரட்டினால் ரொட்டிக்கு அருமையான கறி.

2. தயிரிலிருந்து எடுப்பது: தயிர்ச் சட்டியில் ஊறும் தண்ணீரைக் கரண்டியால் மொண்டு எடுக்கலாம். துணியில் கட்டித் தொங்கவிட்டால் இன்னும் கூடுதலாகக் கிடைக்கும். நம் பக்கத்துக் குளிரில் தயிர் உறைவது தாமதம். காய்ச்சி ஆறவைத்த பாலில், விரல் பொறுக்கும் சூடு இருக்கும்போதே உறை விடுங்கள். சட்டியைச் சாக்கில் சுற்றி அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் இரவு முழுக்க வையுங்கள்.

3. தானாகத் திரிந்த பால்: காய்ச்சும்போது திரிந்து, இலேசான புளிப்பு மணம் மட்டும் இருந்தால் நன்றாகக் கொதிக்கவிட்டு வடித்து எடுக்கலாம். கசப்பு, கெட்ட வாடை, நூல் மாதிரி இழுபடுதல், நிறம் மாறுதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் வேண்டாம். சந்தேகமாக இருந்தாலும் வேண்டாம். ஒரு டம்ளர் தெளிவுக்காக வயிற்றோட்டத்தை வாங்கிக்கொள்ளக் கூடாது.

ஒரு முக்கியமான விஷயம்: எந்தப் பாலானாலும் காய்ச்சாமல் பாவிக்கக் கூடாது. மாட்டிலிருந்து மனுசருக்குத் தொற்றும் நோய்கள் பச்சைப் பாலில் வரக்கூடும்.

மூன்று வகைப் பானம்

மலைக்குக் கொண்டுபோகும் காரத் தெளிவு

தெளிவு நாலு டம்ளர், தட்டிய இஞ்சி ஒரு சின்னத் துண்டு, பச்சை மிளகாய் பாதி, கறிவேப்பிலை ஒரு நெட்டு, வறுத்துப் பொடித்த சீரகம் அரைத் தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. எல்லாவற்றையும் கலந்து கால் மணி நேரம் மூடி வைத்து வடியுங்கள். பெருங்காயம் இருந்தால் ஒரு சிட்டிகை. புளிப்புக் கூடினால் கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு டம்ளர் சேர்க்கலாம். பீலித் தண்ணியை அப்படியே ஊற்ற வேண்டாம்.

கேப்பைத் தெளிவுக் கூழ்

நம் பாட்டன் பாட்டிமார் திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரைப் பக்கங்களிலிருந்து வந்தபோது கேப்பைக் கூழும் மோரும் அவர்களுடைய சாப்பாடாக இருந்தது. இங்கே கடையில் அதைக் குரக்கன் மா என்று கேட்டு வாங்குகிறோம். 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் இருக்கிறது. அரிசியில் இதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இரண்டு மேசைக்கரண்டி குரக்கன் மாவை அரை டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். ஒன்றரை டம்ளர் தண்ணீர் கொதிக்கும்போது அதை ஊற்றி, பத்து நிமிடம் கைவிடாமல் கிண்டுங்கள். மா வாடை போய்ப் பளபளப்பு வந்ததும் இறக்கி ஆறவிடுங்கள். இரண்டு டம்ளர் தெளிவு, உப்பு, பொடியாக அரிந்த சின்ன வெங்காயம் சேர்த்துக் கலக்குங்கள். காலையில் வெறும் தேத்தண்ணியோடு ஸ்கூலுக்குப் போகும் பிள்ளைக்கு இது வயிற்றில் நிற்கும்.

கருப்பட்டித் தெளிவு

இரண்டு டம்ளர் தெளிவை இளஞ்சூடாக்கி, பெருவிரல் அளவு கித்துல் கருப்பட்டியையும் கொஞ்சம் இஞ்சியையும் போட்டுக் கரைத்து வடியுங்கள். ஏலக்காய் ஒன்று தட்டிப் போட்டால் மணம் நன்றாக இருக்கும். காரம் தொடாத பிள்ளைகளுக்கு ஏற்றது.

அன்று எடுத்த தெளிவை அன்றைக்கே முடித்துவிடுங்கள். எவர்சில்வர், கண்ணாடி, மண் பாத்திரங்கள் நல்லது. அலுமினியம், பித்தளை, செம்புப் பாத்திரத்தில் புளித்த தெளிவை வைக்கவே கூடாது. மிச்சமிருந்தால் ரொட்டி மா பிசையலாம். பருப்புக் கறிக்கும் விடலாம், ஆனால் பருப்பு வெந்த பிறகுதான் விட வேண்டும். முதலிலேயே விட்டால் புளிப்புக்குப் பருப்பு வேகாது.

பிள்ளையின் பாலை விற்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் மிகவும் கவனமாகப் படிக்க வேண்டிய இடம் இது.

இலங்கையில் 2016ஆம் ஆண்டு எடுத்த குடிசன, சுகாதாரக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறங்களில் மட்டும் பார்த்தால் நூற்றுக்கு ஏறக்குறைய 32 பேர். மூன்று பிள்ளைகளில் ஒரு பிள்ளை என்ற கணக்கு. இதற்குப் பல காரணங்கள் உண்டு. சம்பளம், வீடு, தண்ணீர், அம்மாவின் உடம்பு எல்லாமே இதில் அடங்கும். ஆனால் பால் கறக்கிற வீட்டிலேயே பிள்ளை சாயத் தண்ணி குடிக்கிற நிலையும் அதில் ஒன்று.

2022இல் பால்மாப் பக்கெட்டுக்கு வரிசையில் நின்றதை நாம் மறக்கவில்லை. அப்போதும் மாடு வைத்திருந்த வீடுகளில் பால் கேனில்தான் போனது. கடனும் கடைக் கணக்கும் அப்படிச் செய்ய வைக்கிறது. அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் ஒன்று: தெளிவில் சத்து இருக்கிறது என்று படித்துவிட்டு, 'அப்ப பாலை எல்லாம் வித்துட்டு, புள்ளைக்குத் தெளிவைக் கொடுத்தா போதும்' என்று நினைத்துவிடாதீர்கள். வளரும் பிள்ளைக்கு வேண்டிய புரதமும் கொழுப்பும் பாலில்தான், அந்தக் கட்டியில்தான் இருக்கின்றன. கேனில் ஊற்றுவதற்கு முன்னால் பிள்ளைக்கு ஒரு டம்ளர் பாலைத் தனியாக எடுத்து வையுங்கள். கட்டி சாப்பாட்டோடு போகட்டும். தெளிவு, பெரியவர்கள் மலைக்குக் கொண்டுபோகும் போத்தலுக்கும் கூழுக்கும் போகட்டும்.

சில கேள்விகள்

கைக்குழந்தைக்குக் கொடுக்கலாமா?

வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான். ஒரு வயது முடியும் வரை தெளிவு தேவையில்லை. அதற்குப் பிறகு உப்பும் காரமும் இல்லாமல், சாப்பாட்டுக்குப் பின்னால் கொஞ்சம் கொடுக்கலாம்.

இரத்தம் குறைவு என்று மிட்வைப் அம்மா சொன்னார். இது உதவுமா?

உதவாது. பாலிலும் தெளிவிலும் இரும்புச் சத்து மிகக் குறைவு. இரும்பு மாத்திரைக்கும் திரிபோஷாவுக்கும் பதிலாக இதை எடுக்கக் கூடாது. மாத்திரையைத் தேத்தண்ணியோடோ பாலோடோ தெளிவோடோ விழுங்கினால் சத்து உடம்பில் சரியாகச் சேராது. வெறும் தண்ணீரோடு, அல்லது தேசிக்காய்த் தண்ணீரோடு குடித்து, இரண்டு மணி நேரம் கழித்துத் தேத்தண்ணியோ தெளிவோ குடியுங்கள்.

பால் குடித்தால் எனக்கு வயிறு ஊதும்.

பால் சீனி சிலருக்குச் செரிக்காது. தெளிவிலும் அது இருப்பதால் அரை டம்ளரில் தொடங்கிப் பாருங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் விட்டுவிடுங்கள்.

சீனி வியாதி, பிரஷர் இருக்கிறவர்கள்?

கருப்பட்டி போட்ட பானம் வேண்டாம். மற்றதையும் அளவோடு குடியுங்கள். பிரஷர் உள்ளவர்கள் உப்பைக் குறைக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது.

மாட்டுக்கு ஊசி போட்டிருக்கிறது.

மாட்டு டாக்டர் எத்தனை நாள் பாலை ஒதுக்கச் சொன்னாரோ அத்தனை நாளும் அந்தப் பாலை விற்கவும் வேண்டாம், குடிக்கவும் வேண்டாம், திரிக்கவும் வேண்டாம். மடி வீங்கிய மாட்டின் பாலும் அப்படித்தான்.

கடைசியாக

இந்த மாதத்தில் என்றாவது ஒரு நாள் பால் வண்டி வராமல் போகும். அன்றைக்குத் தலையில் கை வைத்து உட்காராமல், பாலை அடுப்பில் ஏற்றுங்கள். முதலில் பிள்ளைக்கு ஒரு டம்ளர் எடுத்து வையுங்கள். மிச்சத்தைத் திரித்து, கட்டியைக் கறிக்கு எடுங்கள். தெளிவைக் கூழாகக் கலந்து, பக்கத்துக் காம்பிராவிலிருக்கும் ஆச்சிக்கும் ஒரு டம்ளர் கொடுங்கள். கேப்பைக் கூழும் மோரும் குடித்து வளர்ந்த அந்த ஆச்சி, நாம் இங்கே எழுதாத பக்குவம் ஒன்றை உங்களுக்குச் சொல்லித் தரக்கூடும். அதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.